இண்டைக்கு இல்லை

நூலகத்துக்கு இன்டர்நெட் வந்த அன்று ஜெகதீஸ்வரி கணினியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு கிழமைக்கு அதன் பக்கமே போகவில்லை. கும்பிடுகிற சாமியை யார் தட்டிப் பார்ப்பார்கள்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், புடவைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தத் தமிழ் நூலகம். ஒரு நலன்புரிச் சங்கம் நடத்தியது. ஜெகதீஸ்வரி அங்கே உதவியாளர். பேருக்குத்தான் உதவியாளர். கதவு திறப்பது, பேப்பர் அடுக்குவது, புத்தகம் கொடுப்பது, கொடுத்த புத்தகம் திரும்பி வராவிட்டால் போன் அடித்துத் தொண்டை வற்றுவது, எல்லாம் அவள்தான். இனிப் புத்தகப் பட்டியலை இணையத்தில் ஏற்ற வேண்டும், வாசகர் கேட்பதைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். பழக்கிவிட றமீலா என்ற பிள்ளையை அனுப்பினார்கள்.

"பயப்புடாதீங்க அக்கா, இது கடிக்காது," என்றாள் றமீலா. "பேர இந்தப் பெட்டிக்குள்ள அடிங்க, என்டர அமத்துங்க. ஒலகத்துல எங்க இருந்தாலும் கொண்டு வந்து காட்டும்."

உலகத்தில் எங்கே இருந்தாலும். அந்தச் சொல் ஜெகதீஸ்வரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மௌஸ் பழகச் சில நாள் பிடித்தது. அம்புக்குறியைத் துரத்திக்கொண்டு மேசை விளிம்பு வரைக்கும் போய்விடுவாள். எழுத்துகளை ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்துவாள். ஆனால் பிடித்தால் விடாத மனுசி. மாதம் ஒன்று போவதற்குள் பட்டியலில் பாதியை ஏற்றிவிட்டாள், தேடவும் பழகிவிட்டாள்.

அது லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய வருடம். வெள்ளை வான் ஒன்று ஒழுங்கைக்குள் மெதுவாக வந்தால் பால்கனிகளில் உடுப்புக் காயப்போடும் பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட காலம். நூலகத்து அக்கா கணினியில் பேர் போட்டுப் பார்க்கிறாவாம் என்ற கதை எப்படியோ பரவியது. மாடிப்படி ஏறி ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களின் பேர்கள், பிடிபட்டவர்களின் பேர்கள், மரண அறிவித்தல்கள், வடக்குச் செய்திகள் எல்லாம் அதற்குள் இருந்தன. சில தளங்கள் திறக்கவே திறக்காது. திறக்கிறவற்றில் அவள் தேடிக் கொடுத்தாள். சங்கம் புத்தகம் தேடத்தான் கணினி வாங்கிக் கொடுத்தது. சனம் ஆள் தேட வந்தது.

பேர் கிடைக்காவிட்டால் அவள் 'இல்லை' என்று மட்டும் சொல்ல மாட்டாள். அந்தச் சொல்லை ஒரு தாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "இண்டைக்கு இல்லை" என்பாள். "அடுத்த கிழமை வாங்கோ, பாப்பம்." வந்தவர்களும் ஏதோ கிடைத்துவிட்டதுபோல முகம் தெளிந்து படியிறங்குவார்கள்.

ஊரெல்லாம் தேடிக் கொடுத்தவள் தன் வீட்டு ஆளைத் தேடவில்லை.

அவள் புருசன் புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதினவர். போன வருடம் ஒரு காலை, வேலைக்குப் போக பஸ் ஹோல்டில் நின்றவரை நம்பர் இல்லாத வான் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற மரக்கறிக்காரன் கண்டான். பிறகு கேட்டால், தான் ஒன்றும் காணவில்லை என்றான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

புருசன் பேரை மனைவி வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று ஜெகதீஸ்வரியை வளர்த்திருந்தார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து 'இஞ்சேருங்கோ', 'பிள்ளையின்ரை அப்பா', அவ்வளவுதான். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது பேர் என்ன என்று அதட்டிக் கேட்டார்கள். அப்போதும் அவள் அவருடைய அடையாள அட்டைப் பிரதியைத்தான் நீட்டினாள். கதை சொல்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் பேர் வரதராசா.

பேர் சொல்லாதது ஒரு காரணம். அதற்குக் கீழே இன்னொரு காரணம் இருந்தது, அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. பேரைப் போட்டு என்டரை அமத்தினால் பெட்டி ஏதாவது சொல்லிவிடும். சொல்லிவிட்டால் பிறகு அதைத் திருப்பி வாங்க முடியாது. அமத்தாதவரை அவர் எங்கேயோ இருக்கிறார். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டு போகாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மூடிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை நேரம் பிள்ளையார் கோவிலுக்கு ஓடிப்போய், அவர் பேரில் கற்பூரம் கொளுத்திவிட்டு வருவாள். அர்ச்சனைக்குப் பேர் கேட்கும் ஐயரிடமும் நட்சத்திரத்தை மட்டுந்தான் சொல்வாள். அந்த நேரம் டியூசன் முடிந்து வந்திருக்கும் மகள் கௌரி நூலக மேசையைப் பார்த்துக்கொள்வாள். கௌரி ஓஎல் சோதினைக்குப் படிக்கிறாள். வீட்டில் தாயும் மகளும் சோற்றைப் பற்றிக் கதைப்பார்கள், சோதினையைப் பற்றிக் கதைப்பார்கள். அப்பாவைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை. பிள்ளை மறந்திருக்கட்டும், படிக்கட்டும் என்று தாய் நினைத்தாள்.

ஒரு புதன்கிழமை மயிலம்மா வந்தாள். கிராண்ட்பாசில் இருந்துகொண்டு வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்பவள், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். மகன் வடிவேல் மேசன் வேலைக்கென்று வவுனியா போனான். போன் வருவது நின்று மாதங்களாகிவிட்டன.

"எம் மவன் பேர இன்னொரு தடவ போட்டுப் பாருங்கம்மா," என்றாள்.

ஜெகதீஸ்வரி ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் முதல் எழுத்தைக் குத்தினாள். இரண்டாவதையும் குத்தினாள். பெட்டிக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல் இறங்கியது. முன்பு அடித்த பேர்களைக் கணினி ஞாபகம் வைத்திருந்து நீட்டும் என்று அவளுக்குத் தெரியும். வடிவேலின் பேர் அதில் இருந்தது.

அதற்கு மேலே அவள் புருசனின் முழுப் பேர் இருந்தது.

அதன் கீழே அவர் பேரும் புறக்கோட்டையும். அதன் கீழே அவர் பேரும், உடல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும்.

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. அந்தப் பேரை இந்தக் கணினியில் அவள் அடித்ததில்லை. ஒருநாளும் இல்லை.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மயிலம்மா, அவள் முகத்தைத்தான் வாசித்தாள். "என்னம்மா, வந்துருச்சா? எம் மவனா?"

"இல்லையம்மா," என்றாள் ஜெகதீஸ்வரி. "இது வேறை ஆள்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தாலி கட்டினவரை வேறை ஆள் என்றுவிட்டாள். மயிலம்மாவுக்கு அன்று இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, யன்னலோரம் போய் நின்று ஒழுங்கையைப் பார்த்தாள். தம்பிலி இளநீர் வண்டி, டியூசன் பிள்ளைகள், கடற்கரை ரயிலின் சத்தம். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு ஆளும் அவளையே பார்ப்பதுபோல இருந்தது.

யார் தேடியிருப்பார்கள்? கொண்டுபோனவர்களா? கொண்டுபோனவர்கள் ஏன் தேட வேண்டும்? தப்பி ஓடியிருந்தால் தேடலாம். அந்த நினைப்பில் ஒரு கணம் சந்தோசம் வந்தது. உடனே பயமும் வந்தது. ஒருவேளை அவரே வந்து, இந்தக் கதிரையில் இருந்து, தன் பேரைத் தானே அடித்துப் பார்த்துவிட்டுப் போனாரோ? செத்தவர்கள்தான் தங்கள் பேரைத் தேடித் திரிவார்களாம் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, கதிரையைத் தொடவே கை கூசியது.

றமீலாவுக்குப் போன் எடுத்தாள். கணினியில் யார் என்ன பார்த்தார்கள் என்று அறிய வழி உண்டா என்று, ஏதோ சங்கத்தார் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஹிஸ்ட்ரின்னு ஒண்டு இருக்கு அக்கா. மேல அந்த மணிக்கூடு மாதிரி படத்த அமத்துங்க. நாள் நாளாப் பிரிச்சுக் காட்டும். வாணாண்டா அழிக்கவும் ஏலும்," என்று றமீலா இரண்டையும் சொல்லிக்கொடுத்தாள்.

ஜெகதீஸ்வரி மணிக்கூட்டை அமத்தினாள். ஓரமாக ஒரு பட்டியல் திறந்தது. திங்கள், புதன், வியாழனில் எல்லாம் அவள் தேடியவை. செவ்வாயில் அவள் அறியாதவை இருந்தன. அடையாளம் காணாத உடல்கள் பற்றிய செய்திகள். களனி ஆற்றில் ஒன்று, வத்தளைப் பக்கம் ஒரு புதருக்குள் ஒன்று. மரண அறிவித்தல்கள், படத்தோடு. போன வெள்ளியிலும் அதேதான். அதற்கு முந்திய கிழமையும் செவ்வாயும் வெள்ளியுமே.

அவள் கோவிலுக்குப் போகும் நாள்கள். அப்படியென்றால் அவள் எப்போது படியிறங்குகிறாள் என்று பார்த்திருந்து யாரோ ஏறி வருகிறார்கள். பொலிஸ் விசாரணை நடக்கும் நாலாம் மாடியிலிருந்து வந்தவர்களாக இருக்குமோ? அந்த நேரம் மேலே கௌரி தனியாக அல்லவா இருப்பாள்!

அன்றிரவு சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள். "நான் கோவிலுக்குப் போற நேரம் கணினிக்கு ஆரும் வாறவையோ?"

"ஒருத்தரும் இல்லையம்மா," என்றாள் கௌரி, சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிள்ளையை வெருட்டி வைத்திருக்கிறார்கள் என்றே ஜெகதீஸ்வரிக்குப் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் முடிவெடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆளைக் கண்டுபிடிப்பது. பிறகு அந்தப் பேரைக் கணினியிலிருந்து அடியோடு அழிப்பது. ஒரு புள்ளியும் மிஞ்சக் கூடாது. இருப்பதோ ஒரே ஒரு பிள்ளை.

வெள்ளிக்கிழமை கற்பூரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் படியிறங்கினாள். புடவைக்கடைக்குள் போய்ச் சேலை பார்ப்பதுபோல நின்றாள். படியில் யாரும் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பொறுக்க முடியாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மேலே ஏறினாள்.

கணினிக்கு முன்னால் ஆள் இருந்தது. இரட்டைப் பின்னல், வெள்ளைச் சீருடை. பத்து விரலும் மளமளவென்று ஓடின. திரையில் ஒரு படம் பெரிதாகத் திறந்தது. முகத்தைத் துணியால் மூடிய ஓர் உடல், வெளியே தெரிந்த ஒரு கை. கௌரி முன்னுக்குக் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று தாய்க்கு விளங்கியது. அவருக்கு அந்தத் தழும்பு இரும்புக்கடையில் காயம்பட்டு வந்தது.

"இது இல்லை," என்று கௌரி தனக்குள் சொல்லி, படத்தை மூடினாள்.

திரையின் கண்ணாடியில் தாய் நிற்பது தெரிந்திருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி.

"நீங்கள் இதைப் பழகின நாளில இருந்து." கௌரியின் குரல் அமைதியாக இருந்தது. "முதல் நான் தேடேல்லையம்மா. நீங்கள் தேடினீங்களோ எண்டுதான் பாத்தனான். ஹிஸ்ட்ரியைத் திறந்து நாள் நாளாப் பாத்தனான். ஊராற்றை பேரெல்லாம் இருந்தது. அப்பாவின்ரை பேர் மட்டும் இல்லை."

"பிள்ளை..."

"அப்ப உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

"என்ன தெரியும்?"

"அப்பா செத்துப்போனார் எண்டு. எனக்கு மறைக்கிறீங்கள் எண்டு."

ஜெகதீஸ்வரியின் கையிலிருந்து செருப்பு விழுந்தது. இத்தனை நாளும் அவரைச் சாகவிடாமல் காக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அடுத்த பாயில் படுத்திருந்த பிள்ளை ஒவ்வொரு நாளும் தனியாக அவரைப் புதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தாயாக இருந்து என்ன கண்டாள் அவள்?

"சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது," என்றாள். அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவில்லை. "தெரிஞ்சிடும் எண்ட பயத்திலதான் தேடேல்லை."

கௌரி அப்போதுதான் திரும்பினாள். கீழே புடவைக்கடைக்காரர் யாரோடோ சிங்களத்தில் விலை பேசிக்கொண்டிருந்தார்.

"தள்ளி இரு," என்று ஜெகதீஸ்வரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். ஒற்றை விரலை நீட்டினாள். இரண்டு எழுத்திலேயே பெட்டி அவருடைய முழுப் பேரையும் நீட்டியது. அவள் அதை எடுக்கவில்லை. கடைசி எழுத்துவரை தானே அடித்தாள். அடித்து முடித்து, வாய்விட்டு வாசித்தாள்.

"வரதராசா."

அம்மாவின் வாயிலிருந்து அந்தப் பேரைக் கௌரி கேட்டதேயில்லை. அவள் தாயின் கையைப் பிடித்து என்டருக்கு மேல் வைத்தாள். இரண்டு பேருமாக அமத்தினார்கள்.

ஒரு வரதராசா கனடாவில் பேரப்பிள்ளைகள் சூழ இறந்திருந்தார். ஒருவர் லண்டனில் ஒரு கோவிலுக்குப் பொருளாளர். ஒருவர் எங்கேயோ ஓட்டப்போட்டியில் வென்ற பள்ளிக்கூடப் பெடியன். ஒவ்வொன்றாகத் திறந்து, முகம் பார்த்து, மூடினார்கள். உடல்களையும் பார்த்தார்கள். இந்த முறை ஜெகதீஸ்வரியும் குனிந்து கைகளைப் பார்த்தாள். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.

"இண்டைக்கு இல்லையம்மா," என்றாள் கௌரி.

அந்தச் சொல்லை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். அது எப்படிக் கேட்கும் என்று ஜெகதீஸ்வரிக்கு இன்றுதான் தெரிந்தது.

கௌரி மணிக்கூட்டுப் படத்தை அமத்தி, அழிக்கிற இடத்தில் அம்புக்குறியை வைத்தாள். "அழிக்கட்டோ? ஆரும் கண்டால் வீண் பிரச்சினை."

அவளே முடிவெடுத்து வந்த காரியம்தான் அது. ஜெகதீஸ்வரி மகளின் கையை மௌஸிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"வேண்டாம் பிள்ளை, கிடக்கட்டும். செவ்வாய்க்கிழமை நாங்கள் வரேக்கை அவர் இஞ்சை நிக்கட்டும்."