தொட்டிலைப் பிடித்திருக்கும் கை

1

இந்தக் கதைக்கு விதை என் நாற்காலி. எங்கள் தீவில், குட்வில் எஸ்டேட் குடியிருப்பில், வாடகை வீட்டு மாடியில் எழுதிக்கொண்டிருந்தபோது அது குலுங்கியது. லுங்கியும் பனியனுமாகத் தெருவுக்கு ஓடிவந்தால், எதிர்வீட்டு அம்மாள் நிதானமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நிலம் ஆடவே இல்லை. பூகம்பமும் சுனாமியும் வந்து ஐந்து வருடமாகியும், அது முடிந்துவிட்டது என்ற செய்தி என் உடம்புக்கு மட்டும் போய்ச்சேரவில்லை. பட்ட அவமானத்தை வீணாக்குவானேன் என்று கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரி: 'சிப்பிகாட்டில் அன்று காற்று மிக அமைதியாக...' வேண்டாம். அமைதி என்றாலே ஏதோ நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று: 'இந்திராணி பைத்தியமில்லை.' இப்படிச் சொன்னாலே சந்தேகம் வருகிறது.

நேராகவே சொல்கிறேன். இந்திராணி சிப்பிகாட் என்ற ஊரில் வாழும் கைக்குழந்தைக்காரி. சுனாமி நாள் காலையில் கட்டில் ஆடியபோது, காய்ச்சல் மயக்கம் என்று படுத்தே கிடந்தாள். பக்கத்து அறைச் சுவர் அவள் அம்மாவின் மேல் விழுந்தது. (அம்மாவைக் கொன்றது நான். பாத்திரத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.) அன்றிலிருந்து, தரை ஆடுவதாகத் தோன்றினால் ஓட்டம்தான், இப்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். பல தடவை ஆடியிருக்காது. சில தடவை ஆடியிருக்கும், அதுதான் சங்கடம். இங்கே சின்னச் சின்ன அதிர்வுகள் நின்றபாடில்லை.

போன வாரம் ஈரமுற்றத்தில் வழுக்கி விழுந்தாள். பிள்ளையின் நெற்றி புடைத்துவிட்டது. கணவன் ஜம்புலிங்கம் பயந்துபோய், கடல் தாண்டி இன்னொரு தீவான லாங் ஐலண்டிலிருந்து தன் அக்கா மரகதத்தை வரவழைத்தான். அவள் ஒரு நாள் உடனிருந்து பார்ப்பாள். இந்திராணி காரணமில்லாமல் ஓடினால், மறுநாள் போட்டில் பிள்ளை அத்தையோடு போகும். எப்போது திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை.

"இந்தச் சக்கர், தலைசுத்தல் எல்லாம் உன் தலையிலதான், வீட்டுல இல்ல. ஒரு நாள் ஓடாம உக்காந்து காட்டு" என்றுவிட்டு ஜம்புலிங்கம் வேலைக்குப் போனான்.

3

அடிக்குறிப்பாகப் போக வேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: உடம்பு ஆடுவதைச் சொல்வது பாதம் மட்டுமல்ல, காதுக்குள்ளிருக்கும் நீரும்தான் என்கிறார்கள். ஒரு தரம் ஏமாந்த மனம், அந்த நீர் அசையாதபோதும் அசைந்ததாக எடுத்துக்கொள்ளும். சூடு கண்ட பூனைக்கு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கப் பொறுமை கிடையாது. பூனை செய்வது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

4

பிற்பகல். பிள்ளை சேலைத் தொட்டிலில் தூங்குகிறது. மரகதம் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இந்திராணி கீரை ஆய்கிறாள். தரை ஆடுகிறது.

[ஆடுவதாக அவளுக்குத் தோன்றுகிறது. இல்லை, முந்தைய வாக்கியமே இருக்கட்டும்.]

தொங்கும் எதையாவது பார் என்று ஜம்புலிங்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வீட்டில் தொங்குவது தொட்டில் ஒன்றுதான். அது மரகதத்தின் கையால் ஆடுகிறது.

முடிவு ஒன்று: நிஜமாகவே பூகம்பம். இந்திராணி ஜெயிக்கிறாள். ஆனால் அவளை ஜெயிக்கவைக்க நான் இன்னொரு வீட்டுச் சுவரைத் தள்ள வேண்டும். அவளே மனதுக்குள் 'வந்து தொலையட்டும்' என்று வேண்டிக்கொள்கிறாள். வேண்டிய உடனே கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். நானும்தான்.

முடிவு இரண்டு: ஆட்டமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை அவளுக்கே. 'கீரையைக் கீழே வைக்காமல் அவள்...' அம்மா செத்த அன்றும் அவள் இப்படித்தான் அசையாமல் கிடந்தாள். எழுத முடியவில்லை.

5

மரகதம் கெட்டவளில்லை. பிள்ளைமேல் ஆசை உண்டு, தம்பி பெண்டாட்டிமேல் இரக்கமும் உண்டு. தீர்ப்பை அவளிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒரு சிக்கல்: அன்று மதியம்தான் அவள் போட்டிலிருந்து இறங்கினாள். கப்பலைவிட்டு இறங்கிய பிறகும் தரை ஆடும், படுத்தால் பாய் ஆடும் என்பது இந்தத் தீவுகளில் எல்லோருக்கும் தெரியும்.

இந்திராணி எழுந்து நிற்கிறாள். இத்தனை நாள் ஓடியிருக்கிறாளே தவிர, யாரிடமும் கேட்டதில்லை.

"எனக்கு என் மேலயே நம்பிக்கையில்ல மதினி. நீங்க சொல்லுங்க. ஆடுதா?"

மரகதம் தொட்டிலை நிறுத்தி இறுக்கிப் பிடிக்கிறாள். அவளுக்கும் ஆடுகிறது.

அது போட்டா பூமியா என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை. அவள் வாயைத் திறந்துவிட்டாள். அதில் ஒரு சொல்லை நீங்கள்தான் வைக்க வேண்டும். சீக்கிரம். பிள்ளை இன்னும் தொட்டிலில்தான் இருக்கிறது.