என் தொப்பையும் பேச்சிராஜ் ரத்தமும்

என் தொப்பையை நான் வளர்க்கவில்லை, அதுவாக வளர்ந்தது. ஒரகடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு உட்கார்ந்தே வேலை, கேன்டீனில் அளவில்லாச் சோறு. போன மாதம் கம்பெனியில் சர்க்கரை நோய் பற்றிப் பேசிய டாக்டர் எழிலரசி, கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை, அதுவும் ஹார்மோன் சுரக்கிறது என்றார். அடிபோனெக்டின் என்ற ஒன்று இன்சுலினுக்கு ஒத்தாசை செய்யுமாம், அதை மருந்தாக்க முடியுமா என்று ஆராய்கிறார்களாம். கொழுப்பு கூடினால் அந்தச் சுரப்பு குறையும் என்றும் சொன்னாராம். அந்த நேரம் நான் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வயிற்றைத் தட்டி, "மருந்து ஸ்டாக் கீதுடா" என்று திரிந்தேன்.

வருடாந்திர ரத்தப் பரிசோதனை வந்ததும் அந்தத் தெம்பு ஓடிவிட்டது. சர்க்கரை இருநூறைத் தாண்டினால் வண்டியிலிருந்து இறக்கி பேக்கிங்கில் நிற்க வைப்பார்கள். என் முழங்கால் அரை ஷிஃப்ட் தாங்காது. பேக்கிங்கில் இருக்கும் பேச்சிராஜ் திருநெல்வேலிக்காரன், குச்சி மாதிரி இருப்பான். அவனைக் கெஞ்சி, வரிசையில் ஐடி கார்டை மாற்றிக்கொண்டேன். ஊசி போட்டவர் நம்பரைத்தான் பார்த்தார்.

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். ராஜாமணி என்ற என் பெயரில் நானூற்றுப் பத்து. பேச்சிராஜ் பெயரில் நூற்று எழுபது. ஒழுங்காக என் கையைக் கொடுத்திருந்தால் வண்டியிலேயே இருந்திருப்பேன். அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்.

போன வருடக் கணக்கோடு ஒத்துவரவில்லை, மறுபடி எடுக்கலாம் என்றார் டாக்டர். தப்பித்தேன் என்று கையை நீட்டினேன். பஞ்சு பட்டபோதுதான், இரண்டு மாதமாகப் பேச்சிராஜ் இன்னும் மெலிவதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது நினைவுக்கு வந்தது. சர்க்கரை முற்றினாலும் ஆள் இப்படித்தான் இளைப்பான் என்று பயந்துபோனேன்.

"அது என் ரத்தம் இல்ல மேடம். பேச்சிராஜோடது."

வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இருவருக்கும் மெமோ. விஷயத்தைக் கேட்ட பேச்சிராஜ் என் வயிற்றைப் பார்த்தான், பிறகு தன் வயிற்றை.

"எனக்கா? வெளாடுதீயளா அண்ணாச்சி?"

உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார் டாக்டர். நானும் வேனில் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். கனமே இல்லை.