நூற்றுக்கு நாலு பங்கு

மெழுகு உருகும்போதும் பார்க்க வேண்டும், உறையும்போதும் பார்க்க வேண்டும். நடுவில் பேச நேரம் ஏது என்பது அவள் கட்சி. அதனால் வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தது அண்ணி. இருவரும் சேர்ந்து அந்த ஒற்றை அறையில் லிப்ஸ்டிக் செய்தார்கள். காய்ச்சி வார்ப்பது அவள், விற்பது அண்ணி. அவள் பேசாததையும் சேர்த்து அண்ணி பேசிவிடுவாள்.

அன்று காலை அண்ணி ஒரு லேபிள் சுருளோடு வந்தாள். ‘மரமும் தேனீயும் தந்தது மட்டுமே’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது.

“பதினொரு மணிக்குக் கடைக்காரம்மா வர்றாங்க. மூணு கடை, அறுநூறு குச்சி. முழுக்க இயற்கையா இருந்தாதான் எடுப்பாங்களாம்.”

அவள் படித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்படி இல்ல அண்ணி. நூத்துக்கு நாலு பங்கு வேற மெழுகு. கச்சா எண்ணெயிலேருந்து எடுக்கறது.”

“ஐயையோ, உதட்டுல பெட்ரோலா?”

“பெட்ரோல் இல்ல. சுத்தம் பண்ணின மெழுகு.”

“அதை விட்டுட்டு ஊத்து. நாலு பங்குதானே? உப்பு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி. யாருக்குத் தெரியும்?”

“உப்பு குறைஞ்சா முதல் வாயிலேயே தெரியும்.”

எட்டு மாதம் அவள் அதைத்தான் செய்து பார்த்திருந்தாள். தேன்மெழுகைக் கூட்டினால் குச்சி உதட்டைப் பிடித்து இழுத்தது. பிரேசில் பனையோலையில் படியும் மெழுகைக் கூட்டினால் பளபளப்பு வந்தது, கூடவே முறிவும் வந்தது. குறைத்தால் குச்சி வேர்த்தது. வெயில் ஏறியதும் மேலெல்லாம் எண்ணெய்ப் பொட்டுகள். மெழுகுவத்தி மெழுகு இன்னும் மோசம். அதன் படிகங்கள் பெரியவை, எண்ணெயைப் பிடித்து வைக்கத் தெரியாதவை. கடைசியில் இந்த நுண்மெழுகு. படிகங்கள் பொடிப்பொடியானவை. அவற்றின் சந்துகளில் எண்ணெய் அடங்கி உட்கார்ந்துகொண்டது. நாலு பங்கு போதும். ஐந்து போட்டால் குச்சியின் பளபளப்பு மங்கிவிடும். அந்த நாலை அவள் தன் விரல்களைப் போல நம்பினாள்.

“இந்த ஆர்டர் போச்சுன்னா அறையும் போச்சு,” என்றாள் அண்ணி. “உன் அண்ணன் தன் சரக்கை இங்க அடுக்க எப்போ எப்போன்னு காத்துக்கிட்டு இருக்கார். நீதான் பேசவே மாட்டியே, இன்னைக்கும் பேசாம இரு. எனக்கு அது போதும்.”

“பொய் சொல்ல மாட்டேன்.”

“வாயை மூடுன்னுதானே சொன்னேன்? பொய்யை நான் பாத்துக்கறேன்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். பிறகு இரண்டு குச்சிகளைச் சூட்டுப்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, முள்ளை நாற்பத்தைந்து டிகிரிக்குத் திருப்பினாள்.

கடைக்காரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். புறங்கையில் மூன்று கோடு இழுத்துத் தேய்த்துப் பார்த்தார். “வழுக்கிட்டுப் போகுது, ஆனா நிக்கவும் நிக்குது. நல்லா இருக்கே!” பிறகு அண்ணியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “காய்ச்சறது நீங்கதானே? முழுக்க மரமும் தேனீயும்தானா?”

அவள் பேசவில்லை.

அண்ணி சிரித்தாள். சிரிப்பு தேய்ந்து நின்றது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இப்படிப்பட்ட நேரங்களில் அவளுக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. மௌனம் அவளுக்குச் சாய்ந்து உட்காரும் நாற்காலி. அண்ணிக்கு அது சுடுமணல்.

“கூச்சம்ங்க அவளுக்கு,” என்றாள் அண்ணி. “ஆமான்னு தலையாவது ஆட்டேன்டி.” தலையும் ஆடவில்லை. கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“நாலு பங்குங்க!” என்று அண்ணி வெடித்தாள். “வெறும் நாலு பங்குதான் வேற மெழுகு! போதுமா?”

அப்போதுதான் அவள் எழுந்துபோய்ச் சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். ஒரு குச்சி முழுக்க எண்ணெய்ப் பொட்டுகள். மற்றது வார்த்தபோது இருந்தது போலவே நின்றது.

“வேர்க்கறது மரமும் தேனீயும் மட்டும். வேர்க்காதது நாலு பங்கு சேர்த்தது. உங்க கண்ணாடி அலமாரியில வெயில் விழுமில்ல? எதை வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.”

கடைக்காரம்மா இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் பட்ட விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

“இயற்கைன்னு எழுதின தட்டுல இதை வைக்க முடியாதும்மா. மத்த தட்டுல வைக்கலாம். இருநூறு அனுப்புங்க. வேர்க்கலைன்னா மேல கேக்கறேன்.”

“கேப்பீங்க,” என்றாள் அவள்.

அவர் போனதும் அண்ணி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “அறுநூறை இருநூறாக்கிட்டியே.”

“நானா? நான் வாயே திறக்கலையே அண்ணி.”

“அதான்டி கொடுமை! ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.” சொல்லிவிட்டு அண்ணியே சிரித்தாள். பச்சை லேபிள் சுருளைக் குப்பைக்கூடையில் போட்டாள். “உன் அண்ணன் கேட்டா என்ன சொல்ல?”

அவள் தராசில் தேன்மெழுகை வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருநூறு குச்சி ஆறணும், சரக்கு வைக்க இடமில்லைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாதான் எடுபடும்.”