கேட்காத கொசுறு

சாம்பல் நிறக் கோட்டுக்காரி கரடிப்பூண்டுக் கீரைக் கட்டை மூக்கருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். பிறகு கட்டைத் திருப்பித் தண்டுப் பக்கத்தை முகர்ந்தாள். நூலை விரலால் தள்ளி, நடுவிலிருந்து ஓர் இலையை உருவி, கசக்கி, அதையும் முகர்ந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற ஸ்தாமெனா கைகளை மேலங்கிப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாதக் குளிரில் காட்டிலிருந்து முதலில் வரும் கீரை இதுதான். இறைச்சியும் பாலும் முட்டையும் தொடாத பெருநோன்பு நாட்களில் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. சிமெண்ட் மேசைகள் இரண்டு வரிசை போட்ட அந்தச் சின்னச் சந்தையில் அந்தப் பெண்ணின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவள் மோப்பக்காரி. கடித்த முள்ளங்கியைத் திருப்பிக் கொண்டுவந்தவள். போன வாரம், ஸ்தாமெனா எடை கூட்டுவதற்காகக் கொத்துமல்லியைத் தண்ணீரில் ஊறவைக்கிறாள் என்று சந்தை மேற்பார்வையாளரிடம் புகார் சொன்னவளும் அவள்தான். வாடாமலிருக்கத்தான் தெளித்தேன் என்று ஸ்தாமெனா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எல்லார் முன்னாலும் அவர் கத்திவிட்டுப் போனார்.

ஆனாலும் அன்று காலை ஸ்தாமெனா ஒரு முடிவோடு வந்திருந்தாள். நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் எல்லாரும் ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டபோது, பாதிரியார் ஒன்று சொல்லியிருந்தார். பிடித்தவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம், யாரைக் கண்டால் ஆகாதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள் என்றார். ஸ்தாமெனாவுக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்தச் சாம்பல் கோட்டுதான். வாய் திறந்து கேட்க இத்தனை நாளாக நாக்கு எழவில்லை. சொல்ல முடியாததைக் கையாவது செய்யட்டும் என்று நினைத்துக்கொண்டாள். கோட்டுக்காரி கட்டைப் பைக்குள் போட்டதும் குனிந்து, மேசைக்கடியில் அதுவரை பிரிக்காமல் வைத்திருந்த சாக்கைப் பிரித்து, இரண்டு கையும் கொள்ளுமளவுக்கு உதிரி இலைகளை அள்ளி மேலே வைத்தாள். கொசுறு, எடுத்துட்டுப் போங்க என்றாள். கோட்டுக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதையும் முகர்ந்தாள். நன்றி என்று ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாள். ஸ்தாமெனாவுக்கு மனசு லேசாகியிருந்தது. கடவுள் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

மதியம் கூட்டம் குறைந்தபோது, மிச்ச இலைகளையும் கட்டிவிடலாம் என்று அந்தச் சாக்கை மேசைமேல் கவிழ்த்தாள். காலையில் விற்ற கட்டுகள் அவள் கையால் பறித்து, ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் கட்டியவை. இந்தச் சாக்கு அவளுடைய கொழுந்தன் மிலுதின் விடியற்காலையில் பறித்துக் கொடுத்தது. எந்தச் சரிவு என்று அவள் கேட்கவில்லை. இரண்டாவது பிடியிலேயே அவள் விரல்கள் நின்றுவிட்டன. கரடிப்பூண்டில் ஓர் இலைக்கு ஒரு காம்பு, மெலிந்து, தனித்தனியாக வரும். இங்கே மூன்று இலைகள் ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு, காம்பே இல்லாமல், ஒரே அடியிலிருந்து கிளம்பியிருந்தன. இது ஈரப் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் ஊதாப்பூ பூக்கும் விஷச் செடி. வசந்தத்தில் வெறும் இலையாக, சாதுவாக நிற்கும். அவள் அதைக் கசக்கி முகர்ந்தாள். பூண்டு மணம்தான் வந்தது. காலையிலிருந்து பூண்டிலேயே ஊறிய கை வேறு எதை மணக்கும்? மிலுதினின் கையும் இப்படித்தான் மணத்திருக்கும். அந்த மோப்பக்காரியின் விரல்களும்.

பக்கத்து ஊரில் ஒரு கணவனும் மனைவியும் இப்படித்தான் போனார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லையாம். சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தில் வேலைகூடச் செய்தார்களாம். அப்புறம்தான் வயிறு பிடித்துக்கொண்டது. இரண்டு சவப்பெட்டிகளும் ஒரே வண்டியில் போனதை ஸ்தாமெனா பார்த்திருந்தாள்.

பக்கத்து மேசையில் ஊறுகாய் முட்டைக்கோஸ் விற்கும் ரூஜா, முகம் வெளுத்து நின்ற அவளைப் பார்த்து என்ன என்று கேட்டாள். ஸ்தாமெனா சொன்னதைக் கேட்டதும் அவளே சாக்கை இழுத்துக் கடையின் பின்னால் தள்ளினாள். குரலைத் தாழ்த்தி, வாயைத் திறக்காதே என்றாள். அள்ளிக் கொடுத்ததில் ஒன்றிரண்டு இலைதான் இருந்திருக்கும், இல்லாமலும் இருக்கலாம், நீயே போய்ச் சொன்னால் விலங்கு மாட்டிக் கூட்டிப்போவார்கள் என்றாள்.

"அவ உனக்கு என்ன உறவா, ஒட்டா? ஊர்ல உள்ள எல்லாருக்கும் அவளக் கண்டா ஆகாது."

"அதுனாலதான்டி குடுத்தேன்," என்றாள் ஸ்தாமெனா.

மேசையும், மேற்பார்வையாளரும், ஊரும், மிலுதினின் பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்து நின்றார்கள். ரூஜா சொன்னது நியாயம் போலத்தான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியில் உருளைக்கிழங்கு விற்கும் ஒப்ரெனிடம் ஓடினாள். சாம்பல் கோட்டுக்காரி வீட்டுக்கு நீ மூட்டை கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாயா என்று கேட்டாள். போட்டிருக்கிறேன், ரயில்வே குடியிருப்பு, பச்சைக் கதவு, மூன்று கிழங்கைத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள் என்றார் ஒப்ரென். விஷயத்தைச் சொன்னதும் வேறெதுவும் கேட்கவில்லை. தராசை அப்படியே விட்டுவிட்டு வேனின் சாவியை எடுத்தார்.

பச்சைக் கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. இடுக்கில் ஒரு கண்ணும் பாதி வாயும் தெரிந்தன. உள்ளேயிருந்து சுட்ட மாவின் வாசனை வந்தது.

"கொத்துமல்லிக்குச் சண்டை போட வீடு வரைக்கும் வந்துட்டியா?"

"அதுக்கில்லக்கா. அந்தக் கீரையச் சாப்பிட்டீங்களா?"

"ஏன்?"

ஸ்தாமெனா சொன்னாள். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. விஷம் என்ற சொல்தான் முதலில் வந்தது. பிறகு சங்கிலி கழன்றது. கோட்டு இல்லாமல், வீட்டுச் சட்டையில், அந்தப் பெண் இவள் நினைத்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தாள். அடுப்பின்மேல் தட்டில் கீரையும் அரிசியும் வைத்துச் சுருட்டிச் சுட்ட மாவுப் பணியாரம் இருந்தது. பாதி இல்லை.

"கொசுறு வேணும்னு நான் கேட்டேனா?" என்றாள் அவள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல. "எதுக்குக் குடுத்த?"

பொய் சொல்ல இது நேரமில்லை என்று ஸ்தாமெனாவுக்குப் பட்டது. பாதிரியார் சொன்னதைச் சொன்னாள். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ ஊர்லயே உனக்கு ஆகாதவ நான்தானா?"

"ஆமாக்கா."

"நெனச்சேன்," என்றாள். தட்டைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு. உன் கடைச் சாமான் நல்லா இருக்கேன்னு அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

இலைகள் பொடிப்பொடியாக வெந்து கிடந்ததால் எது எதுவென்று பிரித்துப் பார்க்க வழியில்லை. தட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் சாம்பல் கோட்டை மாட்டி, எல்லாப் பொத்தான்களையும் போட்டு, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். வேனில் மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்து போனார்கள். அவளுடைய பெயர் தெசாங்கா என்பது மருத்துவமனையில் எழுதிக்கொள்ளக் கேட்டபோதுதான் ஸ்தாமெனாவுக்குத் தெரிந்தது. உறவுக்காரர் யாராவது உண்டா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றாள் தெசாங்கா. விற்றது யார் என்று டாக்டர் கேட்டபோது, நான்தான் என்று ஸ்தாமெனா முன்னால் வந்து நின்றாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. அந்த இலை உள்ளே போயிருந்தால் சாயங்காலமோ விடிந்தோதான் காட்டும், முறிக்கிற மருந்து கிடையாது, விஷத்தை உறிஞ்சுவதற்குக் கரி கொடுப்போம், பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். சீக்கிரம் கூட்டி வந்தது நல்லது என்று மட்டும் சேர்த்துச் சொன்னார். போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னார். ஸ்தாமெனா தலையாட்டினாள். சந்தையில் அவளை விரட்டிய அந்தப் பயம் இப்போது எங்கோ தூரத்தில் இருந்தது. இந்தப் பயம் வேறு. அது கட்டிலின் மேல் போர்வைக்கடியில் படுத்திருந்தது.

ஸ்தாமெனாவை வெளியே போகச் சொன்னாள் நர்ஸ். தெசாங்கா கண்ணைத் திறக்காமல், இருக்கட்டும், அவள் என்னோடு வந்தவள் என்றாள்.

சாயங்காலம் வரை தெசாங்கா ஓயவில்லை. தலையணை கல்லுமாதிரி இருக்கிறது என்றாள். ஊசி போட்ட பெண்ணுக்கு நரம்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்றாள். கோப்பையில் வந்த கரிக்கரைசலை முகர்ந்து பார்த்து, அடுப்பைச் சுரண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்துவிட்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவள் குறை சொல்லச் சொல்ல ஸ்தாமெனா உள்ளுக்குள் தெய்வத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். தலையணையைத் தட்டிக் கொடுத்தாள். ஜன்னலைச் சாத்தினாள், அப்புறம் திறந்தாள், மறுபடி சாத்தினாள். சந்தையில் ஒரு நாளும் இந்தப் பெண்ணிடம் இவ்வளவு சந்தோஷமாக ஏச்சு வாங்கியதில்லை.

வெளியே விளக்குகள் எரியத் தொடங்கியபோது அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. தெசாங்காவின் கை மெல்ல நகர்ந்து வயிற்றின்மேல் போய் அமர்ந்தது. வலியா, வெறும் அசதியா, தெரியவில்லை. நெற்றியில் வேர்வை இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தது. ஸ்தாமெனா நர்ஸை அழைக்கும் மணியை அழுத்தினாள். தாழ்வாரத்தில் யாரோ நடந்துவரும் சத்தம் கேட்டது.

"அக்கா, தலகாணி உசரமா இருக்கா? எறக்கட்டுமா?"

ஸ்தாமெனா தானாகவே தலையணையை இறக்கிவைத்தாள்.

"அக்கா, ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க."

கரி படிந்து கறுத்திருந்த அந்த உதடுகள் லேசாகப் பிரிந்தன. ஸ்தாமெனா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் காதை அவற்றின் அருகே கொண்டுபோய் வைத்தாள்.