லோரியில் ஏறிய கணினி

மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்றுதான் ரோகினி மத்தியானமே உட்கார்ந்தாள். மறுநாள் காலை அவளுக்கு இணையம் வழியாக நேர்காணல். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை. வயிற்றில் பிள்ளை வளர்வதால், சிரம்பான் ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்று செய்த வேலையை விட்டிருந்தாள். பழைய இயங்குதளத்தில் தங்கள் மென்பொருள் ஓடாது என்று அந்த நிறுவனம் நேற்றுதான் சொன்னது. கணவன் ஷங்கர் ஜொகூருக்கு லோரி எடுக்கும் முன், சிரம்பான் லோபாக்கில் ஒரு கடையில் புதிய இயங்குதளத்தைப் பென்டிரைவில் போட்டு வாங்கிவந்து கொடுத்திருந்தான்.

மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வயரைச் சொருகினால்தான் உயிர். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. கல்யாணப் படங்களைப் போனில் ஏற்றிவிட்டோமா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, சரி என்று அழுத்தினாள். நீலக் கோடு ஊர்ந்தது. செம்பனை மரங்களுக்குப் பின்னால் வானம் கறுத்தது.

"இடி இடிக்குது. சுவிட்ச அடைச்சிரு," என்றாள் மாமியார் பஞ்சாலை.

"இப்ப அடைக்கக் கூடாது அத்தை. பாதியில நின்னா கம்ப்யூட்டர் எழும்பாது."

"அது எழும்பாட்டி போவுது. நீ எழும்பணும்."

தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், பக்கத்து மர நிரையில் நின்ற மயிலம்மாள் மின்னல் தாக்கிச் சாய்ந்ததைக் கண்ணால் கண்டவள் பஞ்சாலை. ரோகினிக்கு அது தெரியும். தெரிந்தும் நகரவில்லை. கோட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பளீரென்று ஒரு வெளிச்சம். மெயின் சுவிட்ச் தட்டென்று விழுந்தது. திரை இருண்டது.

பஞ்சாலை சுவிட்சை மேலே தள்ளிப் பார்த்தாள். கரண்ட் வரவில்லை. வரிசை வீடுகள் எல்லாமே இருட்டு. ஷங்கருக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. ரோகினி வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள்.

"பழசும் போச்சு, புதுசும் வரல," என்றாள்.

பஞ்சாலை வெளியே பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தங்கராஜு காய்கறிக் கூடைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ரந்தாவில் கூடும் இரவுச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்குப் புறப்பாடு. அங்கே விளக்குப் போட லோரி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் இன்வெர்ட்டர் ஒன்று வைத்திருந்தார்.

"தங்கராஜு, ஒன் வெளக்குப் பெட்டியில கம்ப்யூட்டர் ஓடுமா?"

"ஓடும்க்கா. ஆனா நான் இப்ப கெளம்பணும்லா. லேட்டானா எடம் போயிரும்."

"அப்ப நாங்களும் வாறோம்."

ரோகினி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "இடி இன்னும் நிக்கலியே அத்தை."

"லோரிக்குள்ளதான இருக்கப் போறோம். நீ வயர எடு."

முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். இன்வெர்ட்டரைப் பஞ்சாலை காலடியில் வைத்து, பிளக் ஆடாமல் கையால் அழுத்திப் பிடித்தாள். ரோகினி பென்டிரைவைச் சொருகி முதலிலிருந்து தொடங்கினாள். கண்ணாடியில் மழை அறைந்தது. ஒவ்வொரு குழியிலும் அவள் கணினியை மார்போடு தூக்கிக்கொண்டாள்.

"மெதுவா அங்கிள்," என்றாள்.

"இதுக்கு மேல மெதுவான்னா தள்ளிக்கிட்டுதான் போவணும்."

வழியில் கோலா சாவா கடைகளைத் தாண்டும்போது கோடு அசையாமல் நின்றது. ரோகினியும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கணினி தானாக அணைந்து எழுந்தது. எந்த மொழி, எந்த நாடு என்று கேட்டது.

"என்னா கேக்குது?"

"எந்த நாடுன்னு கேக்குது அத்தை."

"அது தெரியாமத்தான் இவ்ளோ நேரம் ஓடிச்சா?"

ரோகினி அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

ரந்தாவில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. தங்கராஜு கூடைகளை இறக்க, அவள் சீட்டிலேயே இருந்து போன் இணையத்தை இணைத்தாள். நிறுவனத்தின் மென்பொருள் இறங்கியது. கேமராவைத் திறந்தால் வேர்த்த இரண்டு முகங்கள். பஞ்சாலை தன் கலைந்த முடியை ஒதுக்கவில்லை. ரோகினியின் நெற்றியைத்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் நேர்காணல் தடங்கலின்றி முடிந்தது. சாயங்காலம் சொல்கிறோம் என்றார்கள். அதுவரை ரோகினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். போன் வந்தபோது கையெல்லாம் சோப்பு நுரை. பஞ்சாலைதான் போனை எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தாள்.

"எஸ், மண்டேல இருந்தே வரேன்," என்றாள் ரோகினி. வேலைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.