சொத்தையில்லாத மூன்று பற்கள்

மேச்சேரி சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாலே, அது எந்தக் கிழமை பிறந்தது என்று சொல்லிவிடுவார் தரகர் ராசப்பன். அப்படிப்பட்டவருக்கு ஒரு வருடமாகத் தாடையில் வலி. கொட்டாவி விட்டால் காதோரம் எழும் 'டக்' சத்தத்துக்குப் பட்டி ஆடுகள் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். குற்றம் பல்லில்தான் என்று தாமே முடிவுகட்டி, ஊர் ஊராகப் போய் மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டார். வலி இம்மியும் நகரவில்லை.

நான்காவதைப் பிடுங்கச் சொல்லி வந்தவரின் காதோரத்தை அழுத்திப் பார்த்தார் பல் டாக்டர் சத்யபிரியா.

"பல்லு நல்லாத்தானுங்க இருக்குது. தாடை மூட்டுலதான் கோளாறு. தூக்கத்துல பல்லை நெறிக்கறீங்க. வலி எப்ப இருந்துங்க?"

"பையன் லாரில அடிபட்டுப் போனதுல இருந்துங்க சாமி."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவர் அருகில் போட்டு உட்கார்ந்தார்.

"படுக்கறப்ப மாட்டிக்கப் பல்லுக்கு ஒரு உறை செஞ்சு தாரேனுங்க. சூடா ஒத்தடம் குடுங்க, கெட்டியா எதையும் மெல்லாதீங்க. வலி மெல்லக் கொறையும்."

ராசப்பன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மூன்று பற்கள்.

"அப்ப இதுகளை மறுக்கா வெச்சுருங்க."

"ஒட்டாதுங்கய்யா."

அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் சொத்தை இல்லை. பொட்டலத்தை மடித்துச் செருகிக்கொண்டு, உறைக்கு அளவெடுக்க வாயைத் திறந்தார். ஒன்றரை விரல் அளவுதான் திறந்தது.