கொச்சபம்பாவில் அப்பா கதைத்தது

கழுத்து ரையின் முடிச்சு மூன்றாம் முறையும் வாழைப்பூ மாதிரித்தான் வந்தது. ரிசாந் அதை அவிழ்த்துத் தன் கழுத்தில் கட்டி, அப்படியே கழற்றி அப்பாவின் தலை வழியாக இறக்கப் பார்த்தான். சந்தியாப்பிள்ளை ஒத்துழைக்கவில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் உடுப்பு விஷயத்தில் அவர் ஒத்துழைத்தவர் அல்லர்.

பிழை ரிசாந்தினுடையது. ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் யாரோ ஒரு புண்ணியவான் எண்பத்தெட்டில் போட்டுக்கொடுத்த முடிச்சு அது. அப்பா அதை அவிழ்த்ததே இல்லை. தளர்த்திக் கழற்றி அலுமாரி ஆணியில் கொழுவிவிட்டு, அடுத்த கலியாண வீட்டுக்கு மறுபடி தலையை நுழைப்பார். அப்படி இருபது வருடம் நின்ற முடிச்சை, நேற்று ஸ்திரிக்கை போடுகிறேன் என்று நல்ல பிள்ளையாக அவிழ்த்துவிட்டான்.

அம்மா அனஸ்ரேசியா ஏசவில்லை. "விடு தம்பி, அந்தோனியார் ரை கட்டியே மோட்சம் போனவர்?" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்பாவின் விரல்களில் செபமாலையைச் சுற்றத் தொடங்கினாள்.

ஒஸ்லோ ஆஸ்பத்திரியின் சின்னச் செபக்கூடம். சவப்பெட்டியின் மூடி சுவரில் சாய்ந்து நின்றது. பெட்டிக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: உடுத்தி முடிக்க ஒரு மணித்தியாலம், பிறகு வந்து மூடுவேன், கோவிலில் திறக்கமாட்டோம்.

அதுதான் ரிசாந்தை அவசரப்படுத்தியது. அவனும் அப்பாவும் இத்தனை காலம் கதைத்ததையெல்லாம் கூட்டி அள்ளினாலும் இந்த நகரத்துக்குள்ளேயே ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து குறொன்லாண்ட் போய்ச் சேரும் பயணத்துக்குக் காணாது. சாப்பிட்டியா, ஓம். சோதினை முடிஞ்சுதா, ஓம். மாரிகாலமென்றால் கூடுதலாக, தொப்பி எங்கை. மூடி விழுவதற்குள் இந்த மனிதரோடு ஒருதரமாவது கதைத்துவிட வேண்டும். ஆனால், கடன் கேட்டு வாசலில் நிற்பவனைப் போல அவனுக்கு வாய் வரவில்லை.

வாய் இல்லாதவன் அல்லன் அவன். பல்கலைக்கழகச் சஞ்சிகையில் நையாண்டி எழுதுகிறவன். அம்மாவும் அப்பாவும் பங்குக் கோவில் மறைப்பணிக்கு அனுப்பிப் பொலிவியாவின் கொச்சபம்பா நகரத்துக்குப் போனபோது, 'ஏற்கெனவே கத்தோலிக்கராய் இருப்பவர்களைக் கத்தோலிக்கராக்க என் பெற்றோர் புறப்பட்டுவிட்டார்கள்' என்று எழுதிக் கைதட்டு வாங்கினான். மூன்று தவக்காலம் போய்வந்தார்கள். இடுப்பில் நாரிப்பிடிப்போடு போன அப்பா நாரிப்பிடிப்போடேயே திரும்பி வந்தார். அதற்குமேல் அவன் விசாரித்ததில்லை.

இப்போது கேட்டான். "பாஷையும் தெரியாமல் அங்கை என்னதான் செய்தனீங்கள்?"

அம்மா ஆறஅமரச் சொன்னாள். அங்குள்ள பாதர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேடு மேடாக ஏறிப் பூசை வைப்பாராம். இவர்கள் அவருடைய வான் வண்டியின் பின்பக்கம் பிளாஸ்ரிக் கதிரைகளோடு கதிரையாக இருந்து போவார்களாம். இறக்கி அடுக்கி, பூசை முடிய ஏற்றி, அடுத்த மேடு. மற்ற நாட்களில் படுக்கையில் கிடக்கும் வருத்தக்காரரின் வீடுகள்.

"ஒரு கிழவி இருந்தவ, பாரிசவாதம். பாதர் நன்மை அப்பம் குடுத்திட்டுப் போயிடுவார். பின்னேரம் வரைக்கும் நாங்கள் துணை. அப்பா கட்டிலடியிலை இருந்து கதைச்சபடி இருப்பார்."

"ஆர், இவரோ?"

"இவர்தான். வாய் மூடமாட்டார்."

"ஸ்பானிஷிலையோ?"

"எங்கடை தமிழிலைதான். அவ தன்ரை பாஷையிலை. அது ஸ்பானிஷும் இல்லையாம், ஏதோ மலைப்பாஷை, பாதருக்கே அரைகுறை. இவர் முடிக்குமட்டும் அவ இவரைப் பாத்தபடி இருப்பா. பிறகு அவ தொடங்குவா. மூண்டு வருசமும் அப்பிடித்தான்."

ரிசாந்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "என்னத்தைக் கதைச்சவர்?"

அம்மா அப்பாவின் சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்தாள்.

"யூட்டைப் பற்றி."

யூட் அவனுடைய அண்ணன். ரிசாந் பிறக்க முன்னரே ஊரில், குருநகரில், ஷெல் விழுந்து செத்துப்போன நாலு வயதுப் பிள்ளை. வீட்டில் பேரும் திகதியும் எழுதிய ஒரு படம் உண்டு. அந்தப் பேரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லி அவன் கேட்டதில்லை. மரித்தவர்களின் திருநாளில்கூட மெழுகுதிரி மட்டும் எரியும்.

"நான் அந்த வீட்டுக் குசினிக்குள்ளை கிழங்கு உரிச்சுக்கொண்டிருப்பன். எனக்கே தெரியாத கதையள், தம்பி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடேக்கை அவன் இவரின்ரை காதுக்குள்ளை என்ன சொன்னவன் எண்டு... எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. அந்த மனிசிக்குச் சொன்னார்." செபமாலையின் சிலுவையை நிமிர்த்தி வைத்தாள். "நான் உள்ளை இருந்து கேக்கிறன் எண்டும் இவருக்குத் தெரியும்."

பிறந்து வளர்ந்த வீட்டின் பின்சுவருக்கு அப்பால் இத்தனை நாளும் கடல் கிடந்ததென்று யாரோ சொன்னதுபோல, ரிசாந் அப்பாவைப் பார்த்தபடி நின்றான். அதே மூக்கு, அதே இறுகிய வாய். அந்த வாய், மூச்சு முட்டும் ஒரு மலைமேட்டில், பின்னேரம் பின்னேரமாகத் திறந்திருந்திருக்கிறது. பிள்ளை என்ன சொன்னான் என்று அவன் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் உலகத்தில் எவருக்கும் இருக்கும் என்று தோன்றவில்லை.

சுவரோரம் கிடந்த கதிரையைப் பெட்டியடிக்கு இழுத்துப் போட்டு இருந்தான். நோர்வேஜிய மொழியில் தொடங்கினான். அது அவனுக்கு யோசிக்காமல் வருகிற பாஷை. அப்பாவுக்கோ மீன்களின் பெயர்களோடும் வேலைநேரங்களோடும் நின்றுபோன பாஷை. முதலில் வாயில் வந்தது, போனகிழமை ரயிலில் ஒரு நாய் தனியாக ஏறி, சரியான தரிப்பிடத்தில் இறங்கிப்போனது பற்றி. அதன் பிறகு தானாக வந்தது.

அம்மா ஓசைப்படாமல் வெளியே போனாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

கறுப்புக் கையுறைகளை மாட்டியபடி பெட்டிக்காரர் நடைகூடத்தில் வருவது கதவு இடைவெளியில் தெரிந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மா கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லுமளவுக்கு அவளுக்கு நோர்வேஜியம் தெரியும். அவளோ அவரை அண்ணாந்து பார்த்து, தமிழில், அவசரமில்லாமல், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தார். நடைகூடத்தில் கிடந்த மர வாங்கில் மெதுவாக அமர்ந்து, கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.